தம்பியிடமே பேசுங்கள்

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் நீரிழிவைக் குடும்பம் கவனித்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், அந்தக் குறைபாடுள்ள என் தம்பியோடு பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நோயைச் சுமக்கிறேன். அது போதாது.

முதலில் நானும் இனிப்பை ஒளித்துத்தான் வைத்தேன். தீபாவளித் தட்டோடு வரும் அண்டை வீட்டு அக்காமார் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், அவனும் வாங்கிக்கொள்வான். யாரும் அவனிடம் காரணம் சொல்லவில்லையே! பிறகு படம் வரைந்து காட்டினேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன். காலை மாத்திரைப் பெட்டிக்கு மஞ்சள் ஒட்டு, இரவுக்கு நீலம். இன்று விரலில் குத்தி அளவு பார்ப்பதை அவனே செய்கிறான். சர்க்கரை 4 mmol/L-க்குக் (சுமார் 72 mg/dL) கீழே போனால் அரைக் குவளை பழச்சாறு என்பது அவனுக்கு மனப்பாடம்.

சர்க்கரை இறங்கும்போது அவன் முரண்டு பிடிப்பான், கத்துவான். அதைக் குணக்கோளாறு என்று நாங்கள் திட்டிய நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. திடீரென்று நடத்தை மாறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். காவடிக்கு வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால் பாதங்களையும் பாருங்கள். மரத்துப்போன காலில் காயம் வலிக்காது, அவன் சொல்லவும் மாட்டான். மனநல மருந்துகளில் ஓலான்சாபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும், அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாங்கள் போகும் மருத்துவமனையில் இன்னும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கி, எளிய சொற்களில் அவனிடம் பேசுங்கள். அவனுக்குப் புரியும்.