போல்ட்டை மாற்றச் சொன்னால் வெல்டிங் அடிப்பீர்களா?

வெல்டிங் அடித்துவிட்டார்கள். கியர் லீவர் ஆடுகிறது, அந்தச் சின்ன போல்ட்டை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று சொல்லி கராஜில் விட்டுப் போன பைக்கில், கியர் ஷாஃப்டையும் அதன்மேல் மாட்டும் சின்னக் கையையும் ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

ஆட்டம் தொடங்கி இரண்டு கிழமை. முதலில் நியூட்ரல் அகப்படவில்லை. பிறகு, காலால் தூக்கினால் லீவர் மட்டும் மேலே போகும், கியர் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவர் கிளச் போய்விட்டது என்றார். இன்னொருவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார். யாராவது ஒருவர் குனிந்து பார்த்தாரா? எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டின் நுனியில் சுற்றிவரப் பொடிப் பற்கள் இருக்கின்றன. அதன்மேல் பிளவுள்ள ஒரு சின்னக் கை மாட்டியிருக்கிறது. அந்தப் பிளவை நெருக்கிப் பிடிப்பது ஒரேயொரு 6 மில்லிமீற்றர் போல்ட். கையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கால் லீவருக்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம். போல்ட் தளர்ந்தால் கை பற்களின்மேல் வழுக்கும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் பல் தேய்ந்து மொட்டையாகிவிடும். 10ஆம் நம்பர் ஸ்பனர் எடுத்து நானே இறுக்கிப் பார்த்தேன். போல்ட்டின் புரி போயிருந்தது, பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் லீவர் ஒரேயடியாகத் தொங்கிவிட்டது. 396 மீற்றர் பாலம். நாலாம் கியரில் மாட்டிக்கொண்டு, பின்னால் பஸ்காரர் விடாமல் ஹோர்ன் அடிக்க, அரைக் கிளச்சில் உறுமிக்கொண்டு மறுகரை போய்ச் சேர்ந்தேன். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில்தான், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் படகில்தான் கடந்தோம். பாதையில் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஒருவரும் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள்.

சரி, கராஜுக்கு வருவோம். கராஜ்காரருக்குக் கால் லீவரைக் கையால் ஆட்டிக் காட்டினேன். போல்ட்டின்மேல் விரலை வைத்தேன். "பாஸ், இது மட்டும்தான். புரி போய்ட்டுது. புதுசு ஒண்டு போட்டா காணும்" என்றேன். "பத்து நிமிசம் அண்ணே" என்றார். இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் தலையாட்டினார். எதிரே இருந்த கடையில் ஒரு பிளேன்டீயும் வடையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வடை தின்றிருப்பேன். கராஜுக்குள்ளிருந்து நீல வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது. யாருடையதோ கேற் வேலை நடக்கிறது என்றுதான் நினைத்தேன். பிளேன்டீயை ஆற அமரக் குடித்து முடித்தேன். காசு கொடுத்தேன். றோட்டைக் கடந்தேன். கேற் எதுவும் இல்லை. என் பைக்கின் இடது பக்கத்தில் ஒரு பொடியன் கறுப்புக் கண்ணாடியோடு குந்தியிருந்தான்.

"என்ன செய்யிறீங்க?"

"இனி ஆயுசுக்கும் ஆடாது அண்ணே. ஆட்டிப் பாருங்க."

"பற்றரி வயரைக் கழற்றினீங்களா?"

"அது எதுக்கு?"

"நாளைக்கு இதை எப்படிக் கழற்றுறது?"

"ஏன் அண்ணே கழற்றணும்?"

ஏன் கழற்றணுமா? அந்தக் கை வெளியே வந்தால்தான் என் பைக்கில் முன் ஸ்ப்ரொக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) மூடி வெளியே வரும். செயின் செட் மாற்றும் நாளில் என்ன செய்வது? ஷாஃப்டைச் சுற்றி, ஒயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் ஒயில் சீல் இருக்கிறது. அதற்கு ஒரு விரல் தள்ளி நெருப்பு வைத்தால் ரப்பர் என்ன ஆகும்? பற்றரியைக் கழற்றாமல் வெல்டிங் கரண்ட் பாய்ந்தால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ எல்லாம் எரிந்துபோகலாம். போதாததற்குக் கம்பியின் லொக் நட்டையும் குறட்டால் நெரித்து வட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். கம்பியின் ஒரு முனை வலப்புரி, மறுமுனை இடப்புரி. கம்பியை மட்டும் திருகினாலே லீவரின் உயரம் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இடப்புரி நட் எதிர்ப்பக்கம் திருகினால்தான் தளரும். அது தெரியாமல் தளர்த்துகிறேன் என்று இறுக்கியிருக்கிறார்கள், அசையாததும் குறட்டை எடுத்திருக்கிறார்கள்.

800 ரூபா கேட்டார். கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இரவு நித்திரை வரவில்லை.

காலையில் முற்றத்தில் பார்த்தால், எஞ்சினுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒயில். சீல் போய்விட்டது. ஒரு போல்ட்டோடு முடிய வேண்டிய வேலைக்கு இப்போது ஒயிலை வடித்து, வலது பக்க மூடியைத் திறந்து, கிளச்சைக் கழற்றி, ஷாஃப்டை வலப்பக்கமாக உருவ வேண்டும். வெல்டிங் இருப்பதால் அதுவும் உருவ வராது, முதலில் கிரைண்டரால் அறுக்க வேண்டும். புது ஷாஃப்ட், புதுக் கை, சீல், கஸ்கட், ஒயில், அரைநாள் கூலி. தெரியாதது குற்றமில்லை ஐயா. எதிர்க் கடையில்தானே உட்கார்ந்திருந்தேன், ஒரு கூப்பிடு தூரம். வெல்டிங் குச்சியை எடுக்க முன்னம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

இன்று பைக்கை வேறு கராஜில் விட்டிருக்கிறேன். அங்கே இருந்த பெரியவர் குனிந்து பார்த்தார், தலையில் கை வைத்தார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. மச்சானின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு இருட்டில் நிலாவெளிக்கு வந்தேன். கியரே இல்லாத வண்டி, நிம்மதியாக வந்துகொண்டிருந்தேன். சாம்பல்தீவு தாண்டியதும் நடு றோட்டில் ஏழெட்டு மாடு. கறுப்புத் தாரில் கறுப்பு மாடு, படுத்துக்கொண்டு அசைபோடுகிறது. மாட்டுக்காரர்களே, பால் கறக்க மட்டும் தேடிப் போகிறீர்கள், பொழுதுபட்டால் பிடித்துக் கட்ட மாட்டீர்களா? பத்து நிமிடம் ஹோர்ன் அடித்தேன். ஒரு மாடு மட்டும் எழும்பியது, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது.