பிளாக் தானாகச் சேராது

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில், பல பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புக் கோப்புதான் பேஸ் டெம்ப்ளேட்; அதில் ஒவ்வொரு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம் என்று பெயரிட்டு வைத்த பகுதி பிளாக். "பேஸ் டெம்ப்ளேட்டின் பிளாக்கில் இருப்பதோடு நாம் எழுதுவதும் சேர்ந்துகொள்ளும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஜாங்கோவில் அப்படி நடக்காது. உங்கள் பக்கத்தின் கோப்பில் அதே பெயரில் பிளாக் எழுதினால் பழையது முழுக்கப் போய்விடும். பேஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' பிளாக்குக்குள் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது, நீங்கள் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் போடுகிறீர்கள் என்றால், அந்தப் பக்கத்தில் ஜேகுவெரி இருக்காது; அதை நம்பியிருக்கும் மெனுவும் திறக்காது. இதில் நானே ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். பழையதும் வேண்டுமென்றால் பிளாக்குக்குள் முதல் வரியாக, இரட்டை நெளிவு அடைப்புக்குள் 'பிளாக் புள்ளி சூப்பர்' என்று எழுதுங்கள். ஜின்ஜா என்ற இன்னொரு டெம்ப்ளேட் கருவியில் வெறும் 'சூப்பர்', பக்கத்தில் வெற்று அடைப்புக்குறி. அப்புறம், 'எக்ஸ்டெண்ட்ஸ்' போட்டு பேஸ் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொள்ளும் ஜாங்கோ கோப்பில் பிளாக்குக்கு வெளியே எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தில் வரவே வராது. பிழைச் செய்திகூடக் கிடையாது.