பட்டம் தராத பள்ளிக்குக் கடல் கடந்து போவது

விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புக்கு டென்மார்க் போகலாமா என்று கேட்டு, கடந்த இரண்டு மாதங்களில் ஆறேழு தம்பிகள் உள்பெட்டியில் எழுதிவிட்டார்கள். அவர்களில் இருவர் அனுப்பிய விளம்பரத்தில், 'ஐரோப்பியப் பயிற்சியாளர் பட்டம், தங்குமிடம் உணவுடன்' என்று இருந்தது. தங்குமிடமும் உணவும் உண்மை, பட்டம் பொய். அங்கே ஒரு பருவம் தங்கிப் படித்தவன் என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த விளம்பரம் குறிப்பிடுவது தங்கிப் படிக்கும் உறைவிடப் பள்ளிகளை; அந்த நாட்டில் அவற்றுக்கு ஹொய்ஸ்கோலெ என்று பெயர். மனப்பாடத்தில் உழன்ற லத்தீன் கல்வியை வெறுத்த குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணத்திலிருந்து பிறந்தவை அவை; முதல் பள்ளி 1844இல் ரொடிங் என்ற ஊரில் திறக்கப்பட்டது. பதினேழரை வயது நிரம்பியவர்கள் சேரலாம், பள்ளியிலேயே தங்க வேண்டும், தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. தேர்வு வைக்காமலிருப்பது அங்கே சலுகை அல்ல, சட்டம் வகுத்த இலக்கணம். ஒல்லெரூப், கெர்லெவ், வைலெ போன்ற ஊர்களில் இருப்பவை விளையாட்டுக்கென்றே நடப்பவை. கெர்லெவில் பழைய நாட்டுப்புற விளையாட்டுகளுக்குத் தனித் திடலே உண்டு.

இங்கே ஒரு சிறிய வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஒல்லெரூப் பள்ளியை 1920இல் தொடங்கியவர் நீல்ஸ் புக். அதே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். பெயர் பொருத்தத்தோடு ஒற்றுமை நின்றுவிடுகிறது. டென்மார்க்காரர் பின்னாளில் ஹிட்லரின் ஜெர்மனியை வெளிப்படையாகப் பாராட்டினார், அந்தக் கறை அவர் பெயரை இன்றும் விடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது ஜனவரி மாதம். காலை எட்டரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும், மாலை நான்குக்கெல்லாம் இருட்டிவிடும். நாள் தொடங்குவது மைதானத்தில் அல்ல, எல்லோரும் கூடி உட்கார்ந்து பாட்டுப் பாடுவதில். பிறகு வகுப்பு, பயிற்சி, முறை வைத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுதல். ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். கடைசி நாள் வரைக்கும் என் வாயில் 'சார்' தான் வந்தது. என் மனக்குறை ஒன்றே ஒன்று: ஆங்கிலத்தில் கற்பிப்பதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பாதி வகுப்புகளை டேனிஷ் மொழியில் நடத்தினார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லாமல் விடுவதும் அதனால்தான்.

இரண்டாவது வாரத்தில், பக்கத்து ஊர் கிளப்பைச் சேர்ந்த எட்டு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை என்னிடம் ஒப்படைத்து, இருபது நிமிடம் பந்து விளையாட்டு நடத்தச் சொன்னார்கள். பத்து வருடம் பள்ளி மைதானத்தில் நின்றவன் என்ற தெம்போடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, ஒவ்வொருவராகப் பந்தை எறியச் சொன்னேன். மூன்றாவது விசிலுக்கு ஒரு சிறுமி அருகில் வந்து ஏதோ கேட்டாள். யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறாள் என உடன் படித்தவர் மொழிபெயர்த்தார். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது, ஓரமாக நின்று குறிப்பெடுத்த சக மாணவர்கள் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இருபது நிமிடத்தில் ஏழு நிமிடம் நானே பேசியிருக்கிறேன், பந்து ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் நான்கு முறைதான் வந்திருக்கிறது, மீதி நேரமெல்லாம் பிள்ளைகள் வரிசையில் நின்றிருக்கிறார்கள் என்று கணக்கை மட்டும் வாசித்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊரில் ஒரு பந்துக்கு நாற்பது பேரை நிறுத்தி நான் நடத்திய வகுப்புகளெல்லாம் கண் முன் வந்தன. நாற்பது பேருக்கு ஒரு பந்து என்பது என் குற்றம் அல்ல. அந்த ஒரு பந்தையும் விசிலையும் என் கையிலேயே வைத்துக்கொண்டது என் குற்றம்தான்.

இதைக் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், அங்கே தங்கியிருந்ததால்தான் கற்றேன் என்பேன். என் கணக்கை வாசித்தவர்களோடு அன்றிரவே தட்டுக் கழுவ வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வழியில்லை. மறு வாரம் அவர்களுக்கு நான் கபடி சொல்லிக் கொடுத்தேன், மூச்சு விடாமல் பாடுவதற்குள் அவர்கள் பட்ட பாட்டை நானும் குறிப்பெடுத்தேன்.

ஆனால் வேலைக்கு வழி தேடுபவர்களுக்கு இது ஏற்ற இடம் அல்ல. நம் நாட்டில் பயிற்சியாளர் பணிக்கு மதிப்புள்ள தகுதி, பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. அதுவும் தங்கிப் படிப்பதுதான், அதுவும் ஓர் அரண்மனை வளாகத்தில். டென்மார்க்கில் கிடைப்பது, இவர் இங்கே இருந்தார் என்று சொல்லும் ஒரு தாள். அதைக் காட்டி இங்கே ஓர் அரசு விண்ணப்பத்தைக்கூட நிரப்ப முடியாது. அங்கேயே வேலை தேடலாம் என்ற நினைப்பும் வேண்டாம்: ஊர்க் கிளப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள், ஹொய்ஸ்கோலெ மாணவருக்கு நம்மைப் போன்ற நாட்டவர்கள் பெறும் அனுமதியில் வேலை செய்யும் உரிமையும் இல்லை. பகுதி நேர வேலையில் கட்டணத்தை அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அவர் உங்களை வேறொரு சிக்கலில் மாட்டிவிடுகிறார் என்று பொருள். நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் போக நினைப்பவர்களைக் கையைப் பிடித்துத் தடுக்கவே விரும்புகிறேன்.

எழுதியவர்களில் ஒருவர், மாலை வேளையில் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வாலிபால் சொல்லித் தருகிறவர். முதலில் பாட்டியாலாவுக்கு விண்ணப்பியுங்கள், வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் மைதானத்தில் நின்ற பிறகு, கையில் காசு இருந்தால் ஒரு பருவம் டென்மார்க் போய் வாருங்கள் என்று அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பள்ளிக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, படிப்பு முடிந்ததும் என்ன சான்று தருவீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரே வரியில், இங்கே இருந்தீர்கள் என்ற தாளைத் தவிர ஒன்றும் தரமாட்டோம் என்று பதில் வந்தது.