ஆஃப்லைன் என்று சொன்னால் அந்த நொடியே ஆஃப்லைன்

மெயில் செயலியில் கேன்சல் பொத்தானை அழுத்துகிறோம். 'ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதிக்காட்டிவிட்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரத்து செய்வதற்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறதாம். பதில் வராததால்தானே ரத்து செய்யவே சொன்னோம்! இதைச் சின்னக் குறை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. லேப்டாப்பை மூடித் திறக்கிறோம், அல்லது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறோம். பழைய இணைப்பு செத்துப்போகிறது, ஆனால் செத்துப்போனதைச் சொல்ல ஆளில்லை. பதிலுக்காகச் சும்மா காத்திருக்கும் இணைப்பை டிசிபி (இணையத்தில் தகவல் போய்வர இணைப்பு அமைக்கும் நெறிமுறை) தானாகச் சோதிக்கட்டும் என்று விட்டுவிட்டால், லினக்ஸில் முதல் கீப்அலைவ், அதாவது 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனைச் செய்தி, போகவே 2 மணி நேரம் ஆகும். அதுவும் செயலி கீப்அலைவ் வேண்டும் என்று கேட்டிருந்தால்தான். நெட்வொர்க் மாறிவிட்டது என்று இயங்குதளம் சொல்லத்தான் செய்கிறது. அதைக் கேட்டதுமே பழைய இணைப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆஃப்லைன் பொத்தானும் எதற்கும் காத்திருக்காமல் உடனே வேலை செய்ய வேண்டும். சில செயலிகள் ஆஃப்லைன் போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை சர்வரோடு ஒத்திசைக்க, அதாவது சிங்க் செய்யப் பார்க்கின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் நெட்வொர்க் தொங்கிக் கிடக்கும்போது அதுவே பூட்டாகிவிடுகிறது. சிங்க் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் உடனே விடுங்கள். நான் படித்தது, அழித்தது, வேறு ஃபோல்டருக்கு மாற்றியது எல்லாவற்றையும் டிஸ்கில் வரிசையாகக் குறித்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பினால் போதும். சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கவும் ஒழுங்குபடுத்தவும் உதவும் ஐமேப் நெறிமுறையில் இதை எப்படிச் செய்வது என்று விளக்கும் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4549 வெளிவந்தது 2006-இல்.

அனுப்புவதில்தான் உண்மையான சிக்கல். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் மெயில் முழுவதையும் கொடுத்துவிட்டு, கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வைத்து, சர்வர் 250 (ஏற்றுக்கொண்டேன்) என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குக் குறைந்தது 10 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 5321. அந்த இடைவெளியில் இணைப்பு அறுந்தால் மெயில் போனதா இல்லையா என்று செயலிக்கே தெரியாது. தெரியாது என்றே சொல்லட்டும். தன்னிச்சையாக மறுபடி அனுப்ப வேண்டாம். நான் அனுப்பச் சொன்னால் அதே மெசேஜ் ஐடியோடு (ஒவ்வொரு மெயிலுக்கும் உரிய தனி அடையாளம்) அனுப்பட்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே மெயில் என்று அந்தப் பக்கம் கண்டுபிடிக்க வழியிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. மெயில் ஒழுங்காகப் போய்விடும். அப்புறம் அதன் நகலை ஐமேப் வழியாக சென்ட் ஃபோல்டரில் போடும்போது இணைப்பு தொங்கும். உடனே 'அனுப்ப முடியவில்லை' என்று பொதுவாக ஒரு எச்சரிக்கை. பதறிப்போய் மறுபடி அனுப்புவோம், எதிரில் இருப்பவருக்கு ஒரே கடிதம் இரண்டு முறை போய்ச் சேரும். அனுப்புவது ஒரு வேலை, நகல் வைப்பது வேறு வேலை. இரண்டின் நிலையையும் தனித்தனியாகக் காட்டுங்கள். நகல் வைப்பதைப் பின்னணியில் எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்றுகொள்ளுங்கள், அதற்கு என்னை எழுப்ப வேண்டியதில்லை.