கிராமத்தில் ஆஸ்துமா குறைவு என்பது பாதி உண்மை
‘மண்ணில் விளையாடி வளரும் கிராமத்துக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா அரிது’ என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. மாட்டுத் தொழுவத்தோடு வளரும் குழந்தைகளுக்கு அது குறைவு என்று ஜெர்மனியின் பவேரியா, சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டியது சரிதான். ஆனால் அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: பழைய முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா, இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் என்ற இன்னொரு கிறிஸ்தவச் சமூகத்தின் குழந்தைகளில் 21 சதவீதம். இரண்டும் கிராமம்தான், மரபணுவிலும் நெருங்கிய சமூகங்கள். எங்கள் பக்கத்தில் புகைபோக்கி இல்லாத அறையில் விறகடுப்பு எரிகிறது. குழந்தை தூங்குவதும் அங்கேதான். என் தங்கை மகன் மார்கழி பிறந்தாலே விடியவிடிய இருமுவான். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிவிழும். சளி என்று சொல்லி ஊசி போட்டே ஆண்டுகள் கழிந்தன. இப்படிப்பட்ட குழந்தை எந்தக் கணக்கெடுப்பில் வரும்? மருந்தை மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிப் பயமுறுத்தாதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். சின்னக் குழந்தைக்கு இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குழாய் போன்ற கூட்டைப் பொருத்திக் கொடுக்கலாம்.