எழும்பினால் ஓடினதாம்

சனிக்கிழமை இரவு இணையத்தில் காசுக்குப் போக்கர் சீட்டு ஆடும்போது, வென்றிருந்த நான் நடுவில் எழும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் திரும்ப எழுதப்போவதில்லை. குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு ஸ்கிரீன்சொட் போய்ச் சேர்ந்திருக்கும், அந்த வேகத்தில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. "காசை வழிச்சுக்கொண்டு ஓடினவர்" என்று என் பெயரைப் போட்டு, பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி மூன்று. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை மச்சினன் போன் எடுத்து, "அத்தான், என்ன காசு, எங்க ஓடினீங்கள்?" என்று கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஆடியது போக்கரில் கேஷ் மேசை. டோர்னமென்ட் அல்ல. டோர்னமென்டில் இறங்கினால் சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள், முடியும்வரை அல்லது கடைசி ஆளாக மிஞ்சும்வரை இருந்தே ஆகவேண்டும், நடுவில் எழும்பி அதைக் காசாக்க முடியாது. கேஷ் மேசையில் முன்னால் கிடக்கும் ஒவ்வொரு சிப்பும் காசு. ஒரு கை, அதாவது ஒரு சுற்று, முடிந்தால் எழும்பலாம். யாரிடமும் லீவு கேட்கத் தேவையில்லை. இது நான் எனக்காக உண்டாக்கிய சட்டம் அல்ல, அந்த ஆட்டமே அப்படித்தான்.

25 டொலரோடு உட்கார்ந்தேன், பெரிய பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கமுன் கட்டாயம் வைக்கிற பந்தயம், 25 சதம், அப்படியென்றால் 100 பிளைண்ட். கையில் ஜோடி ஒன்பது, ஃப்ளொப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக முதலில் விரிக்கிற மூன்று சீட்டில், மூன்றாவது ஒன்பது விழுந்தது. எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி விழும், அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். எதிரில் நின்ற நண்பரின் சிப்ஸ் முழுக்க என்னிடம் வந்தது. அதன்பிறகு 12 கை ஆடினேன். பன்னிரண்டு! செயலியில் கணக்குக் கிடக்கிறது, போய் எண்ணிப் பாருங்கள். "வென்ற கையோடு ஓடினான்" என்று எழுதியவருக்கு எண்ணத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன், ரொறன்ரோவில் கணக்காளராக இருக்கிறார்.

ரொறன்ரோ என்றதும் இன்னொன்று. நான் எழும்பும்போது யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்றரை. அவருக்குப் பின்னேரம் நாலு மணி. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆட வந்து உட்காருகிறார், நான் காலையில் உரும்பிராயில் தோட்டத்துக்குத் தண்ணி மாறி, பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு உட்காருகிறேன். தொடங்கும்போதே "ஒன்றரை மணிவரைக்கும்தான்" என்று எழுதினேன். அந்த வரி மட்டும் ஸ்கிரீன்சொட்டில் வெட்டுப்பட்டுப் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நேரம் மட்டும் காரணம் இல்லை. ஒரு மணியோடு மேசையில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்கள் யார், ஏன் அவர்கள் இருந்தால் நல்லது என்று எழுதமாட்டேன், அவர்களும் இதை வாசிக்கிறார்கள். ஆறு பேர் மேசை நாலாகிவிட்டது, மிஞ்சிய மூவரும் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள், அதிலே கெட்டிக்காரர் பெரிய குவியலோடு எனக்கு இடது பக்கத்தில், எனக்குப் பின்னால்தான் அவர் முறை வரும், நான் செய்வதைப் பார்த்துவிட்டு அவர் முடிவெடுப்பார். போதாக்குறைக்கு ஒவ்வொரு பொட்டிலும், அதாவது நடுவில் சேருகிற பந்தயக் காசிலும், 5 வீதம் ரேக் என்று தளக்காரர் வெட்டுகிறார்கள். சரிக்குச் சரி ஆட்கள் நாலு பேர் விடியும்வரை ஆடினாலே வெல்வது ரேக் மட்டும்தான். இதையெல்லாம் பார்த்துத்தான் எழும்புவதா இருப்பதா என்று முடிவெடுக்கவேண்டும். எவ்வளவு வென்றேன், எவ்வளவு தோற்றேன் என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

"எங்களுக்குத் திருப்பிப் பிடிக்கச் சந்தர்ப்பம் தரவேண்டாமோ?" என்று ஒருவர். ஏன் தரவேண்டும்? கடனா வாங்கினேன்? ஒருவர் எழும்பி, வென்றதை ஒதுக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் பழையபடி 25 டொலரோடு வந்து உட்கார்ந்தால் அது குறுக்கு வழி, அதற்குப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். அநேகமான தளங்கள் அதைச் செய்யவே விடாது, கொஞ்ச நேரத்துக்குள் திரும்பி வந்தால் கொண்டுபோன அவ்வளவையும் வைத்துத்தான் உட்காரவேண்டும். நான் போய்ப் படுத்துவிட்டேன் ஐயா.

எனக்கென்னவோ இந்தக் கோபம் முழுக்க முந்நூற்றுநாலு என்ற எங்கள் சீட்டாட்டத்தில் இருந்து வருகிறது. வாசிகசாலைத் திண்ணையில் பெரியப்பாமார் ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு பேர், 32 சீட்டு, ஆளுக்கு எட்டு, எதிரில் இருப்பவர் உன் சோடி. அங்கே நடுவில் எழும்பினால் சோடியைக் கைவிட்டதாக அர்த்தம், ஆட்டமே குழம்பிவிடும். பெரியம்மா மூன்று தரம் ஆள் அனுப்பியும் பெரியப்பா எழும்பமாட்டார், துரும்பை மூடி வைத்துக்கொண்டு "இந்தா வாறன்" என்பார். அது அழகான பழக்கம்தான். ஆனால் கேஷ் மேசையில் எனக்குச் சோடி கிடையாது. எல்லாரும் என் காசைப் பிடிக்க இருக்கிறவர்கள், நானும் அப்படித்தான்.

யாரோ "சகுனி" என்றும் எழுதியிருந்தார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள். சகுனி வென்றதோடு எழும்பிப் போயிருந்தால் தருமர் வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்தது, "உண்மையான ஆட்டக்காரன் எழும்பமாட்டான்." 2009 டிசம்பரில் இசில்டுர்1 என்ற பெயரில் ஆடிய சுவீடன் பொடியன், விக்டர் ப்ளொம், வயது 19, ஒரே இருப்பில் அஞ்சு மணித்தியாலம் போல ப்ரையன் ஹேஸ்டிங்ஸோடு ஆடி ஏறக்குறைய 42 இலட்சம் டொலர் விட்டான். அதற்கு முந்தைய கிழமைகளில் மில்லியன் கணக்கில் வென்றவன். அவன் உண்மையான ஆட்டக்காரன் இல்லையா? உலகமே பார்த்து வியந்த ஆட்டக்காரன். எழும்பவில்லை, அவ்வளவுதான்.

சூதே கூடாது என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சென்னையில் இருக்கும் சித்தி, இந்தியாவில் 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்த செய்தியை நாலு தரம் அனுப்பிவிட்டார். பார்த்தேன் சித்தி.

ஆனால் ஒருவர் எழுதியது மட்டும் குத்தியது: "வென்றால் எழும்புவாய், தோற்றால் இருப்பாய்." அது பொய். இப்போது பொய். 2022 மார்ச்சில் உண்மை. ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய அந்த நாட்களில், ஒரு இரவு மூன்று தரம் 25 டொலர் போட்டு மூன்றையும் விட்டேன். விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று பிளைண்ட் இரண்டு மடங்கு பெரிய மேசைக்கு ஏறி இன்னொரு 50. ரூபா விழுந்துகொண்டிருந்த நேரம், அன்றைய விலையில் 35,000 ரூபாவுக்கு மேல். பிள்ளைக்குப் பால்மா தேடி மனைவி கடை கடையாக வரிசையில் நின்ற மாதம் அது. அந்த நேரத்தில் நான் ஆடியது ஆட்டமே இல்லை, வரும் சீட்டையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன், எதிரில் இருந்தவர்களுக்கு அது வடிவாகத் தெரிந்திருக்கும். இன்னொரு 50 போடக் கை போனபோது கரண்ட் போய், ரவுட்டர் அணைந்தது. போனில் சார்ஜ் இல்லை. இருட்டுக்குள் அப்படியே இருந்தேன். நானாக எழும்பவில்லை, கரண்ட் எழுப்பிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு தரம் போட்டது போனால் மூடிவிடுவேன். நித்திரை வந்தாலும் மூடிவிடுவேன். பயந்தவன் என்றால் பயந்தவன் என்று சொல்லுங்கள், எனக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கதையை இதுவரை ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருந்தேன். அந்த ரொறன்ரோ ஆள்தான் சனிக்கிழமை "ஓடினவர்" என்று எழுதினார். ஆட்டம் தெரியாதவர்கள் சிரித்தால் எனக்குக் கவலையில்லை. நாற்பது பேர் இருக்கிற குழுவில், என் மனைவியின் தம்பி இருக்கிற குழுவில், ஏன் எழும்புகிறேன் என்று தெரிந்த ஒரே ஆள் அப்படி எழுதுகிறார் என்றால், அது அந்த ஒன்பதால் வந்த கோபமாகத்தான் இருக்கவேண்டும். இருபத்தைந்து டொலர் அவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு.

மச்சான், நீ இதை வாசிப்பாய். அந்தக் காசு செயலியில் அப்படியே கிடக்கிறது, எடுக்கவில்லை. வேண்டுமென்றால் போன் எடுத்துக் கேள். உனக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எடுக்காதே.