கேட்டுச் செய்யும் நாடு

சுவிஸ் என்றதும் ஊரில் உள்ளவர்கள் பனிமலை, சாக்லேட், கைக்கடிகாரம், வங்கி என்றுதான் கதைப்பார்கள். அதெல்லாம் இங்கே இருக்கிறதுதான். ஆனால் இங்கேயே வேலை செய்து, பிள்ளை வளர்த்து, இந்தச் சனத்தோடு பழகியவளாக எனக்கு இவர்களின் பண்பாடு வேறொன்றில்தான் தெரிகிறது. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் சனத்திடம் கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டாலும் அதன்படி நடப்பார்கள்.

வருடத்தில் பெரும்பாலும் நான்கு தடவை, வாக்கெடுப்பு ஞாயிறுக்குச் சில கிழமைகள் முன்பாக, தபாலில் ஒரு தடித்த உறை வரும். எங்கள் வீட்டில் அது மகள் பெயருக்குத்தான் வரும். சுவிஸ் பாஸ்போர்ட் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே வாக்குச்சீட்டுகள், வாக்காளர் அட்டை, மத்திய அரசின் சின்னச் சிவப்புப் புத்தகம். அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் அவளிடம் வாங்கிப் படித்துவிடுவேன். இந்தத் திட்டம் ஏன் வேண்டாம் என்று அரசு அதில் தன் நியாயத்தை எழுதியிருக்கும். சில பக்கம் தள்ளிப் பார்த்தால், ஏன் வேண்டும் என்று அதைக் கொண்டுவந்த குழு தன் சொந்தச் சொற்களில் எழுதியிருக்கும். அரசை எதிர்ப்பவர்களின் வாதத்தை அரசே அச்சடித்து வீடு வீடாக அனுப்புகிறது! எதிர்த்து எழுதியவர்களைக் கடத்திப்போக வெள்ளை வான் வந்த இலங்கையிலிருந்து வந்தவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்த்தால் அரசியலமைப்பையே மாற்றக் கேட்கலாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மக்கள் முன் கொண்டுவர 100 நாளில் 50,000 கையெழுத்துப் போதும். அர்மின் கப்பாவுல் என்ற மலை விவசாயி, மாட்டின் கொம்பை எடுக்காமல் வளர்ப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்தார். 2018இல் முழு நாடும் அதற்கு வாக்களித்தது. தோற்றார். ஆனாலும் மாட்டின் கொம்பைப் பற்றி ஒரு நாடே மாதக்கணக்கில் யோசித்தது.

2012இல் வருட விடுமுறையை நான்கு கிழமையிலிருந்து ஆறாக்கலாமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்படியென்றால் கஞ்சத்தனமான சனமா? இல்லை. 2024 மார்ச்சில் முதியோருக்கு வருடத்தின் 12 மாத ஓய்வூதியத்தோடு 13ஆவதாக இன்னொன்றும் வேண்டுமா என்றதற்கு, அரசு கூடாது கூடாது என்று சொல்லியும் 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

கிளாருஸ் மாநிலத்தில் மாநில விஷயங்களுக்கு வாக்குப் போட வாக்காளர்கள் இன்னும் திறந்த வெளியில்தான் கூடுகிறார்கள். மே முதல் ஞாயிறு. மழை பெய்தால் மழைக்கோட்டு. நடுவில் மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிவரப் பெரியவர்கள். யாரும் மேடையேறித் திருத்தம் கேட்கலாம். வாக்காளர் அட்டையைக் கையில் உயர்த்துவார்கள், தலைவர் கண்ணால் பார்த்தே எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்லுவார். 2006இல் 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கும் திட்டத்தோடு மாநில அரசு வந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, மூன்றே போதும் என்றார். மூன்று என்றே முடிவாயிற்று. அமைச்சர்களே ஆடிப்போனார்கள். 2011இலிருந்து அங்கே மூன்று ஊராட்சிகள்தான்.

சரி, இவ்வளவு நேசிக்கிறேன் என்பதால்தான் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டுச் செய்வது நல்லது, ஆனால் யாரிடம் கேட்கிறார்கள்? பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மறுத்தார்கள். 1971 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அப்பன்செல் இன்னர்ரோடன் மாநிலத்து ஆண்கள் 1990 ஏப்ரலிலும் மறுத்தார்கள். அந்த நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்குள்ள பெண்களுக்கு மாநில வாக்கு கிடைத்தது. உரிமை இல்லாதவருக்கு உரிமை கொடுக்கலாமா என்று உரிமை உள்ளவரிடம் மட்டும் கேட்டால், பதில் வர இத்தனை காலம் எடுக்கும்.

லுசேர்ன் மாநிலத்து எம்மனில் 2000ஆம் ஆண்டு நடந்தது இன்னும் மோசம். குடியுரிமை கேட்டவர்களின் விவரங்களை அச்சடித்து வாக்காளர்களுக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் ஆம் இல்லை என்று வாக்குப் போடச் சொன்னார்கள். இத்தாலியர்கள் தேறினார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். 2003இல் நீதிமன்றம் இப்படி வாக்குப்பெட்டியில் குடியுரிமை கொடுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்றைக்கு இந்த நாட்டில் குடியிருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சுவிஸ் குடியுரிமை இல்லாதவர். நானும் அதில் ஒருத்தி. வரி கட்டுகிறேன், முதியோர் இல்லத்தில் இவர்களின் தாய் தகப்பனைப் பராமரிக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்தப் பணம் ஒதுக்கலாமா என்று கேட்கும்போது மட்டும் எனக்கு வாய் இல்லை. மத்திய நாடாளுமன்றத்துக்கு நான் வாக்குக் கேட்கவில்லை. குடியிருக்கும் ஊரின் விஷயத்தில் கேட்கிறேன். இது நடக்காத காரியமும் இல்லை: நொஷாத்தெல் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது, யூரா மாநிலத்திலும் இருக்கிறது. அங்கே ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சூரிச்சிலோ, விரும்பும் ஊராட்சிகள் கொடுக்கட்டும் என்ற அளவான யோசனையைக்கூட 2013இல் 75 சதவீதம் பேர் தள்ளினார்கள். மறுபடியும் கேட்க வேண்டும். பெண்களும் ஒரு தடவையில் வெல்லவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்து சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பிமார் தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த உறையைப் பழைய பேப்பர் கட்டோடு போட்டுவிடாதீர்கள். புத்தகத்தைப் படியுங்கள், புரியாவிட்டால் வீட்டில் கதையுங்கள், அம்மா அப்பாவின் கருத்தையும் கேளுங்கள். வாக்குச்சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, வாக்காளர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்புங்கள். பிந்திவிட்டால் ஊராட்சி அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். கையெழுத்தை மறந்துவிடாதீர்கள், மறந்தால் அந்த வாக்கு செல்லாது.